விற்கும் வீட்டின் காரை

வீட்டை விற்கக் கருதுவோர் முதலிற் கவலைப்படுவது வெளிச்சுவரைப் பற்றியே. பல்லாண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய காரை ஓரிடத்தில் உப்பியும், ஓரிடத்தில் உதிர்ந்தும், தரையையொட்டி உப்புப் பூத்தும் கிடக்கும். கையிலோ பணம் குறைவு. இந்நிலையில் சுவரைப் பூசி மெழுகி விற்பது நேர்மையா, அன்றி வாங்க வருபவரின் கண்ணைக் கட்டுவதா? இக்கேள்வியை நம்மிற் பலர் எழுப்புவதேயில்லை.

செப்பனிடுவது குற்றமன்று, குறைந்த செலவிற் செய்வதும் குற்றமன்று. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால், செங்கல்லை விட்டுப் பிரிந்த காரை வெற்றொலி தரும். அவ்வளவை மட்டும் செங்கல் தெரியக் கொத்தியெடுத்து, சுவரை நனைத்து, இரண்டு பூச்சாகப் பூசி, சில நாள் ஈரம் காயாமற் காத்தாற் போதும்; முழுச் சுவரையும் உரிக்க வேண்டுவதில்லை. பட்டணத்துப் பழைய கடைவீடுகள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. அவற்றிற்குச் சுண்ணாம்பே ஏற்றது. கடுஞ்சிமெண்டைப் பூசினால், செங்கல்லிலுள்ள ஈரம் வெளியேற வழியின்றி அடைபட்டு, பக்கத்துக் காரையையும் கெடுக்கும். இவை யாவற்றிற்கும் முன், நீர் எங்கிருந்து வருகிறதென்று காணவேண்டும். உடைந்த மழைநீர்ப் பீலியா, ஒழுகும் குழாயா, சுவரோரம் மேடாகிவிட்ட மண்ணா? பீலியைத் தொடாமற் காரையை மட்டும் பூசுபவர், அடுத்த பெருமழை வரையே நிற்கும் வேலையைச் செய்கிறார். அம்மழைக்கு முன் வீடு கைமாறிவிடும் என்பதும் அவர் அறிந்ததே. நம் கேள்வி பிறப்பது இங்கேதான்.

ரோமாபுரி அறிஞர் சிசரோ, கி.மு. 44-இல் தம் மகனுக்கு எழுதிய கடமைகளைப் பற்றிய நூலில் இதனையே ஆராய்ந்தார். ஒருவன் வீட்டை விற்கிறான். மரங்கள் பழுது, அறைகளிற் பாம்பு வரும். அவனையன்றி ஒருவரும் அறியார். சொல்ல வேண்டுமா? வாங்கும்படி எவரையும் அவன் கட்டாயப்படுத்தவில்லையே என்று டயோஜெனிஸ் என்பார் வாதிட்டார். வழி தவறியவனுக்கு வழி காட்டாமை போன்றதே அது என்று ஆன்டிபேட்டர் மறுத்தார். சிசரோ பின்னவர் பக்கமே நின்றார். நம் வள்ளுவரும் வாணிகத்தைப் பற்றிய ஒரு குறளை நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்துள்ளார்.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இவ்விருவர்க்கும் நடுவே நிற்கிறது. அதன் 17ஆம் பிரிவின்படி, குறையைச் சொல்லாது வாளாவிருத்தல் பொதுவாக மோசடி ஆகாது. அறிந்த குறையை முனைந்து மறைத்தலோ மோசடியாகும். விரிசலைத் திறந்தபடி விட்டுவிட்டு வாய் மூடியிருந்தால், சுவர் தானே தன் குறையைச் சொல்லிவிடும். அதன் மேற் கரணையை வைத்துத் தேய்த்த கணமே நம் மௌனம் ஒரு செயலாகிவிடுகிறது. சட்டப் புத்தகம் திறவாதவரும் இவ்வேற்றுமையை உணரலாம்.

பெண் பார்க்க வருகையில் அலங்காரம் செய்வதில்லையா என்று கேட்பாருளர். செய்கிறோம், செய்யட்டும். சாயம் பூசிய சுவர் சாயம் பூசிய சுவரென்று எவர்க்கும் தெரியும். நோயை மறைத்து மணம் முடிப்பதை எவரேனும் அலங்காரம் என்பாரா?

வாங்க வருபவர் யாரென்பதையும் எண்ண வேண்டும். நிறுவனத்தார் கட்டித்தரும் புதுவீட்டிற்கு, ஒப்படைத்த பின் 24 மாதம் வரை குறைகளைச் செப்பனிட்டுத் தரும் பொறுப்பு அவர்களைச் சேரும். கைமாறும் பழைய வீட்டிற்கு அக்காப்பு இல்லை. விலை குறைந்த அவ்வீட்டைத் தேடி வருவோர் பெரும்பாலும் நம்மவரே. லயத்திற் பிறந்து, பால் வெட்டியும் குலை அறுத்தும் மிச்சம் பிடித்ததோடு சேமநிதிப் பணத்தையும் சேர்த்து, முதன்முதலாகச் சொந்தச் சுவர் ஒன்றைத் தேடி வருகின்றனர். லயத்துச் சுவர் தோட்டத்தினது. வெள்ளையடிப்பதும் விடுவதும் நிர்வாகத்தின் பாடு. ஆகவே சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவர்க்கு வாய்த்ததில்லை. அவர்தம் கடன் தாள்களை நிரப்பித் தரும் கிராணிகளாகிய நாம், அத்தாளில் எழுதும் ஆண்டுகளின் எண்ணிக்கையை அறிவோம். "வாங்குபவரே பார்த்துக்கொள்க" என்னும் நீதி, பார்க்கத் தெரிந்தவர்க்கே நீதியாகும்.

விற்பவரும் ஏழையாயிருக்கலாம். பீலி மாற்றப் பணமில்லையெனில், சாயத்திற்கென வைத்த வெள்ளியைப் பீலிக்குச் செலவிடலாம். அதுவும் போதாதெனில், ஈரம் வரும் இடத்தைக் காட்டி, அதற்கேற்ப விலையைக் குறைக்கலாம். ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளி குறையுமே என்பது மெய்தான். அவ்வெள்ளி மறைந்துவிடுவதில்லை, நாம் கொடாவிடின் வாங்குபவர் கொத்தனாருக்குக் கொடுப்பார்.

மயிரிழை போன்ற மேற்பூச்சு வெடிப்புகளை அடைத்துவிடுவதிற் பழுதில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாளுக்கு நாள் அகலும் விரிசல் வேறு. அது அடித்தளம் இறங்குவதன் அடையாளமாயிருக்கக்கூடும். அது வளர்கிறதா என்றறிய, அதன் நுனியிற் பென்சிலாற் கோடிட்டுத் தேதி எழுதி வைப்பதுண்டு. அக்கோட்டின் மேற் சாயம் பூசாமல் விட்டுவைத்தால், வீடு பார்க்க வருபவர் தேதியைப் படித்துக்கொள்வார்.