பெயர் அறியாக் குழந்தையின் முன்

பிறருடைய துயரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, கலை என்று பார்ப்பது அறமாகுமா? நிழற்படங்கள் அருங்காட்சியகங்களில் ஓவியங்களுக்கு நிகரான இடம் பெற்றுவிட்ட இந்நாளில், இக்கேள்வியை நம் மனச்சான்று தட்டிக்கழிக்க இயலாது.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில், போபாலின் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதிப்புற்றனர். அந்நாள்களில் ரகு ராய் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமொன்றில், மண்ணில் புதைபடும் ஒரு குழந்தையின் முகம் மட்டும் தெரிகிறது. விழிகள் மூடவில்லை. ஒரு கை அம்முகத்தை நோக்கி நீள்கிறது. அதே குழந்தையைப் பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்தில் எடுத்த படம், உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் 1984-ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தெரிவாயிற்று. படமெடுத்தோரின் பெயர்களை உலகம் அறியும். குழந்தையின் பெயரை அறியாது.

அமைதியான கூடத்தில், அளவான ஒளியில் இத்தகைய படத்தின் முன் நின்று, "எவ்வளவு அருமையான படம்!" என்று நாம் வியக்கக்கூடும். அந்த வியப்பிலேயே குழந்தை இரண்டாம் முறை புதைக்கப்படுகிறது. அதற்காக, எடுத்திருக்கவே கூடாது என்போமா? மறைத்திருந்தால் நன்மை அடைந்திருப்போர் குற்றம் இழைத்தோரே அன்றி, அக்குழந்தை அன்று.

ரகு ராய் ஒரு படத்தோடு நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கிரீன்பீஸ் அமைப்பிற்காக மீண்டும் போபால் சென்று, உயிர் பிழைத்தோரின் நோயையும் போராட்டத்தையும் பதிவு செய்தார். அப்படங்கள் 2002-இல் நூலாக வந்தன. 2014-இல் போபாலிலேயே ஒரு நினைவு அருங்காட்சியகம் எழுந்தது. மாண்டோர் விட்டுச்சென்ற எளிய பொருள்களோடு, பிழைத்தோரின் குரல்களும் அங்கு இடம்பெற்றன. அவர்கள் அங்கே வெறும் காட்சிப்பொருள்கள் அல்லர், சாட்சிகள்.

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல் என்று கற்றவர்கள் நாம். படத்திலுள்ள அந்தக் கை செய்வதும் அதுவே. நம் பார்வை அந்தக் கையைப் போன்றதா, அல்லது வேடிக்கை பார்க்கும் கண் மட்டுமா? பார்த்தபின் நமக்கு ஒரு கடன் பிறந்தால், அப்பார்வை அறம். இல்லையெனில், எத்துணைப் புகழ்பெற்ற கூடமாயினும் அது வேடிக்கைக் கூடமே.

அடுத்த முறை இத்தகைய படத்தின் முன் நிற்கையில், எடுத்தவர் யார் என்று கேட்கும் முன், "இவர் யாருடைய பிள்ளை?" என்று கேட்போம்.