தப்பெண்ணத்துக்கு மருந்து அறிமுகம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்தவனாக இந்த உரையைத் தொடங்குகிறேன்.

அல்லாஹு தஆலா நம்மை ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைத்தான். பல இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கினான். எதற்காக? அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் (49:13) அவனே காரணம் சொல்கிறான்: தஆருஃப், ஒருவரையொருவர் அறிந்துகொள்வது. அதற்கு முந்தைய வசனத்தில் தப்பெண்ணத்தைத் தடுக்கிறான். நோயைச் சொன்னவன் பக்கத்திலேயே மருந்தையும் வைத்திருக்கிறான்.

இந்த நோய்க்கும் மருந்துக்கும் ஓர் உதாரணமாக இன்று துருக்கியரையும் கிரேக்கரையும் பார்ப்போம்.

ஒரே போர், இரண்டு பாடம்

ஏஜியன் கடலின் இரு கரைகளில் வாழும் அண்டை வீட்டார் இவர்கள். கிரேக்கப் பிள்ளைகள் மார்ச் 25ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அது 1821இல் உஸ்மானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த புரட்சியின் நினைவு. துருக்கிப் பிள்ளைகள் ஆகஸ்ட் 30ஐ வெற்றி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அது 1922இல் கிரேக்கப் படையை முறியடித்ததன் நினைவு. துருக்கியர் விடுதலைப் போர் என்று படிப்பதன் முடிவைத்தான் கிரேக்கர் பேரழிவு என்று படிக்கிறார்கள். ஒருவரின் பெருநாள் மற்றவரின் துக்க நாள். இப்படி வளரும் பிள்ளைக்கு, மறுகரையில் தன்னைப் போலவே ஒரு பிள்ளை இருப்பது எப்படித் தெரியும்?

1923 ஜனவரியில் லோசானில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி மக்களையே மாற்றிக்கொண்டார்கள். ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் போக வேண்டியதாயிற்று. மொழியைப் பார்க்கவில்லை, மதத்தை மட்டுமே பார்த்தார்கள். துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர் கிரேக்கத்தில் போய் இறங்கினார். அங்கே அவரைத் 'துருக்கி விதை' என்றார்கள். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம் துருக்கியில் போய் இறங்கினார். அங்கே அவரைப் 'பாதிக் காஃபிர்' என்றார்கள். நமது தீன் சகோதரனைப் பார்த்தே அப்படிச் சொன்னார்கள்! தப்பெண்ணத்துக்குத் தன்னவன், பிறன் என்ற வேறுபாடு தெரியாது, சகோதரர்களே!

இடிபாட்டுக்குள் கிடைத்த அறிமுகம்

1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியின் இஸ்மித் பகுதியில் பூமி அதிர்ந்தது. 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மவ்த்தானார்கள். உதவிக்கு விரைந்தவர்களில் கிரேக்க மீட்புக் குழுவும் இருந்தது. மூன்றே வாரத்தில், செப்டம்பர் 7 அன்று, ஏதென்ஸில் பூமி அதிர்ந்தது. அங்கே துருக்கியின் மீட்புக் குழு போய் நின்றது. 2023 பிப்ரவரியில் துருக்கி மீண்டும் அதிர்ந்தபோதும் கிரேக்க வீரர்கள் வந்தார்கள்.

ஆனால், ஒருவரையொருவர் அறிந்துகொள்ள நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதிலாக இருப்பதுதான் இளைஞர் பரிமாற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டத்தில் 13 முதல் 30 வயது வரையுள்ளவர்கள் 5 முதல் 21 நாட்கள் வரை ஒன்றாகத் தங்கலாம். கிரேக்கப் பிள்ளைகளும் துருக்கிப் பிள்ளைகளும் அதில் சேர்ந்து சமைக்கிறார்கள், சேர்ந்து உழைக்கிறார்கள், கேட்கத் தயங்கிய கேள்விகளைக் கேட்கிறார்கள். கிரேக்கக் காபி என்று இவர் சொல்வதும் துருக்கிக் காபி என்று அவர் சொல்வதும் ஒரே காபிதான் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது.

சைப்ரஸ் பிரச்சினையோ கடல் எல்லைத் தகராறோ இதனால் தீர்ந்துவிடாது. அவை ஆட்சியாளர்களின் பொறுப்பு. ஆனால், நாளை அந்தப் பொறுப்பில் அமரப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தாம். நேரில் பழகிய முகத்தை எதிரியாக நினைப்பது அவ்வளவு எளிதல்ல.

தோழர் காட்டிய நீதி

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். துருக்கியர் முஸ்லிம்கள் என்பதால் நம் மனம் கேட்காமலேயே ஒரு பக்கம் சாய்கிறது. துருக்கி வரலாற்றுத் தொடர்களைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு, ரூமி என்றாலே சூழ்ச்சிக்காரன் என்று பதிந்துவிடுகிறது. ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறானே (5:8)!

அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய ரோமப் பேரரசை ஷாமிலும் மிஸ்ரிலும் போர்க்களத்தில் சந்தித்த தளபதி அவர்கள். அந்த ரோமர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர்களின் நற்குணங்களைத்தான் எண்ணிச் சொன்னார்கள்: குழப்பத்தில் நிதானம் இழக்காதவர்கள், துன்பத்திலிருந்து விரைவில் மீள்பவர்கள், ஏழைக்கும் அநாதைக்கும் நலிந்தவருக்கும் நல்லவர்கள், மன்னர்களின் அநியாயத்தைத் தடுப்பவர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. வாளேந்தி எதிர்த்து நின்றவருக்கே இந்த நீதி இருந்ததென்றால், ஒரு கிரேக்கரை நேரில் கூடப் பார்த்திராத நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

ஆகவே பெற்றோர்களே! பிள்ளைகள் முன்னால் எந்தச் சமூகத்தையும் ஒட்டுமொத்தமாக 'அவர்களே அப்படித்தான்' என்று சொல்லாதீர்கள். இளைஞர்களே! திரையில் பார்த்ததை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பிற சமூகத்தாரோடு படிக்கவும் பழகவும் வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் அடையாளத்தோடு, நல்ல அஃக்லாக்கோடு போய் அமருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களைத் தப்பெண்ணத்திலிருந்து தூய்மைப்படுத்துவாயாக! நேசிப்பவரிடத்திலும் வெறுப்பவரிடத்திலும் நீதியோடு நடக்கும் நஸீபைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.