வித்தியாதானத்துக்கு உரியவர் யார்?

1536-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்தில், தேக அசௌக்கியத்தால் மிகவும் நலிந்திருந்த எராஸ்முஸ் என்னும் மகாபண்டிதர் தம் இறுதி உயிலை எழுதிவைத்தார். பாதிரியார் ஒருவருக்கு மகனாகப் பிறந்தமையால் பிறப்பிலேயே பழி சுமந்தவர். மனைவி மக்கள் இல்லாதவர். தம் எழுத்தாலும் பிரபுக்களின் ஆதரவாலும் முதுமையில் சேர்ந்திருந்த பொருளை, போனிஃபாஸியுஸ் ஆமர்பாக் என்னும் சட்டப் பேராசிரியரான நண்பரிடம் அவர் ஒப்புவித்தார். முதுமையாலும் பிணியாலும் தளர்ந்த ஏழைகளுக்கும், பொருளின்மையால் விவாகம் தடைப்பட்டு நிற்கும் பெண்களுக்கும், நம்பிக்கையூட்டும் இளம் வித்தியார்த்திகளுக்கும் அது பயன்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அவர் காலமானார். ஆமர்பாக் அந்தத் தர்மத்தை ஒரு விரதம் போல நடத்தி, இன்னாருக்கு இன்னது கொடுத்தேன் என்று தம் கையாலேயே கணக்கு எழுதி வந்தார். 1460-இல் திறக்கப்பட்டு, அந்நாட்டின் சர்வகலாசாலைகளுள் மூத்ததாக விளங்கும் பாஸல் சர்வகலாசாலையில் எத்தனையோ ஏழை மாணவர் அந்த உபகாரச் சம்பளத்தால் படித்தார்கள்.

மரணப் படுக்கையை நெருங்கியவர் மாணவரை நினைத்துக்கொண்டதற்குக் காரணம் அவருடைய இளமையிலேயே இருக்கிறது. 1495-இல் பாரிஸுக்குப் படிக்கப் போன எராஸ்முஸ், காம்பிரே நகரத்து பிஷப் தருவதாகச் சொன்ன உதவித்தொகையை நம்பிப் போனார். தொகை சரியாக வந்து சேரவில்லை. ஏழை மாணவருக்கான மோன்டேகு கல்லூரியில் அழுகிய முட்டையும் கெட்ட தண்ணீரும் உண்டு உடல் கெட்டதை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. பணக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும், பிரபுக்களுக்கு ஸ்துதி எழுதியும் காலம் தள்ளினார். கொடுப்பவர் மனம் வைத்தால் கல்வி, மனம் மாறினால் பட்டினி என்ற நிலையை அனுபவித்தவர், தம் தர்மம் எவருடைய மனநிலையையும் சார்ந்து நிற்காதபடி ஏற்பாடு செய்தது இயல்பே.

ஆனால் அந்த உயிலில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மாணவர் நம்பிக்கையூட்டுபவராக இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை யார், எதைக் கொண்டு நிர்ணயிப்பது? நம் தர்ம சாஸ்திரங்களும் தானத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாத்திரத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயம், பிரதியுபகாரத்தை எதிர்பாராமல், தக்க தேசத்தில், தக்க காலத்தில், தக்க பாத்திரத்துக்குக் கொடுப்பதையே சாத்துவிக தானம் என்கிறது. பசித்தவனுக்குச் சோறிடுவதானால் பாத்திரம் அறிவது எளிது. பசி முகத்திலேயே தெரியும். வித்தியாதானத்தில் அப்படியன்று. கொடுத்துப் பத்து வருஷம் கழிந்த பிறகே, வாங்கியவன் தக்கவன்தானா என்பது வெளியாகிறது. தகுதி முன்னால் தெரிந்தால்தான் தானம். தானம் கிடைத்தால்தான் தகுதி. இந்தச் சிக்கலை நான் வெறும் தர்க்க விநோதமாகக் கருதவில்லை. இளைஞர் பலருடைய வாழ்வு இதில்தான் நின்றுவிடுகிறது.

எராஸ்முஸ் காலமான அதே ஆண்டில், அதே பாஸல் நகரத்தில், கால்வின் எழுதிய கிறிஸ்தவ சமய சாஸ்திர நூலின் முதற் பதிப்பை அச்சிட்டவர்களுள் ஒருவர் தாமஸ் பிளாட்டர். வலே பிரதேசத்தின் மலைக் கிராமமான கிரேகனில் பிறந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்தவர். குழந்தைப் பருவத்தில் ஆடு மேய்த்தவர். உறவுக்காரப் பையன் ஒருவன் படிக்க அழைத்துப் போவதாகச் சொல்லி அவரை ஜெர்மானிய நாடெங்கும் இழுத்துச் சென்றான். அக்காலத்துத் தேசாந்திர மாணவர் கூட்டங்களில், சிறுவர்கள் வீடு வீடாகப் பிச்சை எடுத்து வந்து மூத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அடி மட்டும் சிறுவர்களுக்கு. இப்படி ஆண்டுகள் ஓடின, படிப்பு மட்டும் வரவில்லை. ஷ்லெட்ஷ்டாட் நகரத்துப் பள்ளியில் சேர்ந்தபோது தமக்குப் பதினெட்டு வயது என்றும், ஆரம்ப இலக்கணப் புத்தகத்தைக்கூட வாசிக்கத் தெரியாமல் சிறு குழந்தைகளின் நடுவே உட்கார்ந்ததாகவும் பிற்காலத்தில் தம் மகனுக்காக எழுதிய சுயசரிதையில் அவரே சொல்கிறார்.

பிறகு ஜூரிச்சில் மிகோனியுஸ் என்னும் ஆசிரியரிடம் பணிவிடை செய்துகொண்டு படித்தார். பள்ளியறையின் கணப்பை மூட்டுவது அவர் வேலை. ஒரு நாள் விடியற்காலையில் விறகு இல்லை. கோயிலிலோ சமயச் சீர்திருத்தவாதியான ஸ்விங்லியின் பிரசங்கத்துக்கு மணி அடித்தாகிவிட்டது. இவர் ஆள் அரவமற்ற கோயிலுக்குள் புகுந்து, பலிபீடத்தின் மேலிருந்த அர்ச் யோவானின் மரச் சொரூபத்தைத் தூக்கி வந்து கணப்பில் வைத்துவிட்டார். சொரூபத்தின் எண்ணெய் வர்ணம் நெருப்பில் கொப்புளித்துச் சடசடத்ததைக் கேட்டு நடுங்கிக்கொண்டே கதவை மூடினார் என்பதையும் நாம் அவர் வாய்மொழியாகவே அறிகிறோம். உருவ வழிபாட்டில் ஊறிய நமக்கு இது கேட்கவே கூசும் செய்கை. அந்த ஊர்ச் சட்டப்படியும் பெருங்குற்றம். அன்று காலை உதவித்தொகைக் குழு ஒன்று அவருடைய நன்னடத்தையை விசாரித்திருந்தால் என்ன தீர்ப்புச் சொல்லியிருக்கும்?

பிழைப்புக்காகக் கயிறு திரிக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு பாஸலுக்கு வந்தார். அச்சுக்கூடக்காரர் ஒருவர், பிளாட்டுஸ் என்னும் பழைய ரோமாபுரிக் கவியின் நாடகப் பிரதி ஒன்றை, பைண்டு செய்யாத தாள்களாக அவருக்குக் கொடுத்தார். அதில் ஒவ்வொரு தாளாக எடுத்துச் சிறு மரக் கவையில் செருகி, அந்தக் கவையைச் சணலின் நடுவே குத்திவைத்து, கயிறு முறுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கையில் ஒவ்வொரு வரியாக வாசித்தார். எஜமானர் வந்தால் சணலை இழுத்து மூடிவிடுவார். பிறகு கற்றவர்கள் சிலர் வேண்டிக்கொண்டதன்பேரில், வேலைக்கார மேலங்கியோடே போய் அவர்களுக்கு ஹீப்ரு பாஷை சொல்லிக்கொடுத்தார். முடிவில் பாஸல் நகரப் பள்ளியின் தலைமையாசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அவர் மகன் ஃபேலிக்ஸ் அந்நகரத்தின் தலைமை வைத்தியரும் சர்வகலாசாலைப் பேராசிரியருமானார். பதினெட்டு வயதில் எழுத்தறியாதவர், பின்பு கோயில் விக்கிரகத்தை எரித்தவர், அதன் பின் கயிறு திரிப்பவர்: இந்த மூன்று படிகளில் எதில் நிறுத்திப் பார்த்தாலும் பிளாட்டர் பாத்திரமாகத் தோன்றியிரார்.

அந்த நகரங்களில் அக்காலத்தில் நடந்த பெரிய சமய வாதமும் இதே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. மனிதனுடைய புண்ணியத்தைப் பார்த்து ஈசுவரன் அருள் செய்கிறானா, அல்லது எந்தப் புண்ணியமும் பாராமல் தன் இச்சையாலேயே அருள்கிறானா என்று கேட்டு, இரண்டாவதே உண்மை என்று ஸ்விங்லியும் கால்வினும் சாதித்தார்கள். நம் வைஷ்ணவ ஆசாரியர்களும் இதைத் தீர விசாரித்திருக்கிறார்கள். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போலச் சேதனனிடம் ஒரு வியாஜமாவது வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வது போல, கிருபை காரணம் கேட்பதில்லை என்பது பிள்ளை லோகாசாரியர் வழி. பகவான் விஷயத்தில் எது சித்தாந்தம் என்று தீர்ப்பளிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கல்விக்குக் கொடுக்கிற மனிதரின் விஷயத்தில், லோகாசாரியர் பக்கம் சற்று அதிகமாகச் சாய்வதே தர்மம் என்று உறுதியாக எண்ணுகிறேன்; ஏனெனில் சர்வக்ஞனான பகவானுக்குத் தெரிகிற எதிர்காலம் நமக்குத் தெரிவதில்லை.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் தாராளமாகவும் இருந்தார்கள், குறுகியும் இருந்தார்கள். விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் 270 இளைய மாணவருக்கும் 70 மூத்த மாணவருக்கும் 14 ஆசிரியருக்கும் நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லைக் கணக்கிட்டுக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. திருமுக்கூடல் சாசனமோ மாணவரின் சனி நீராட்டுக்கு எண்ணெய் வரை நினைவாக ஏற்பாடு செய்கிறது. அந்தப் பரிவை வாசிக்கும்போது மனம் உருகும். ஆயினும் அங்கே யார் பாத்திரம் என்பது பிறப்பால் முன்னரே முடிவாகியிருந்தது. எண்ணாயிரத்தின் வயலில் அந்த நெல்லை விளைவித்தவனின் மகனுக்கு அந்தக் கல்விச்சாலையில் இடமில்லை. இதைச் சொல்லாமல் அதன் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

இன்றைய ஸ்விட்ஸர்லாந்தில் பிறப்பு தடையன்று, கட்டணமும் பெருந்தடையன்று. ஜூரிச்சிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் உள்நாட்டு மாணவருக்கு அரையாண்டுக் கட்டணம் 730 ஃபிராங்க் மட்டுமே. படிப்பதற்காகப் புதிதாக அந்நாட்டுக்கு வரும் வெளிநாட்டாருக்கு 2025 இலையுதிர் காலம் முதல் அது மும்மடங்காகியிருக்கிறது. வீட்டு வாடகையும், உணவும், காப்புறுதியும், ரயில் சீட்டும்தான் மாணவனின் கழுத்தை நெரிப்பவை. அந்நாட்டுச் சிவில் சட்டம், பிள்ளை தக்கதொரு பயிற்சியை முடிக்கும் வரை, வயது வந்த பின்பும், தாங்கும் கடமையைப் பெற்றோர் மேல் வைக்கிறது; அவர்களால் இயலாத அளவுக்கு மட்டுமே கன்டோன் என்னும் மாநில அரசு கை கொடுக்கும். ஆகவே ஸ்டிபெண்டியம் என்னும் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும் மாணவன் முதலில் தாய் தந்தையரின் வரிக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். இருபத்தாறு கன்டோன்களும் இருபத்தாறு விதமாக அளந்ததை ஒருவாறு சீர்படுத்த 2009-இல் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதில் சேர்ந்த கன்டோன்களில் உயர்கல்விக்கான ஆண்டு உதவியின் உச்ச வரம்பு 16,000 ஃபிராங்குக்குக் குறையக் கூடாது என்று அது வகுத்தது. நாடு முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்று மாணவர் சங்கம் கொண்டுவந்த யோசனையை 2015 ஜூன் மாதத்தில் ஜனங்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். வெளிநாட்டு ஆராய்ச்சியாளருக்கும் கலைஞருக்கும் மத்திய அரசாங்கம் 1961 முதல் வழங்கிவரும் உபகாரச் சம்பளம் வேறு வகை. அது மேதைகளைத் தேடுவது. முதற் பட்டம் படிக்க விரும்பும் ஏழைப் பிள்ளைக்கு அதில் வழியில்லை.

நமக்கு நெருக்கமான வேதனை வேறோரிடத்தில் இருக்கிறது. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த தமிழர், உணவுச் சாலைச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் உழைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்தினார்கள். அவர்களில் பலர் ஆண்டுக்கணக்காகத் தற்காலிக அனுமதியிலேயே இருந்தவர்கள். கன்டோன்களின் உடன்படிக்கை குடிமக்களுக்கும், நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருக்கும், வதிவிட அனுமதியில் ஐந்தாண்டு வசித்தவருக்கும், அங்கீகாரம் பெற்ற அகதிகளுக்கும் கதவைத் திறக்கிறது. அகதி அந்தஸ்து பெறாமல் 'எஃப்' என்ற எழுத்திட்ட தற்காலிக அனுமதியில் இருப்பவரை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. போரால் துரத்தப்பட்டு வந்த பிள்ளை, வகுப்பில் முதலாவதாகத் தேறினாலும், கையிலுள்ள அட்டையின் எழுத்தால் அபாத்திரமாகிவிடுகிறது. எண்ணாயிரத்தில் குலம் செய்த வேலையை இங்கே காகிதம் செய்கிறது. 2024 செப்டம்பரில் ஜூரிச் கன்டோன் வாக்காளர், தங்கள் கன்டோனில் இத்தகையோர் உதவிக்குக் காத்திருக்க வேண்டியிருந்த ஐந்தாண்டுத் தவணையை நீக்கும் சட்டத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். வரி கட்டும் சாதாரண ஜனங்கள், தாங்கள் அறியாத பிள்ளைகளுக்காகத் தாங்களே வாக்களித்து இதைச் செய்தார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெறுகிறவர் பக்கமும் ஒரு கேள்வி உண்டு. ஔவையின் ஆத்திசூடியை ஓதி வளர்ந்த நம் வீடுகளில், பிறர் முன் கை ஏந்துவது இழிவு என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. "அரசாங்கத்திட்டப் போய் நிக்கிறதோ? நாங்களே உழைச்சுப் படிப்பிப்பம்" என்று இரண்டு வேலை பார்க்கும் தந்தை சொல்வார், மகளோ வார இறுதிகளில் கடையில் நின்றுவிட்டுப் பரீட்சையில் தவறுவாள். அந்தத் தந்தையின் மானத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கல்விக்காகப் பெறுவதைப் பிச்சையென்று நம் சாஸ்திரம் ஒருபோதும் சொல்லவில்லை. பிரமசாரி பிக்ஷை ஏற்பது அவனுக்கு விதிக்கப்பட்ட தர்மமே. மனிதன் பிறக்கும்போதே தேவர்க்கும், பிதிர்க்கும், ரிஷிகளுக்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்றும், ரிஷிகளுக்குப் பட்ட கடன் ஓதுவதாலும் ஓதுவிப்பதாலுமே தீரும் என்றும் பெரியோர் வகுத்தார்கள். பொன்னாலும் நெல்லாலும் அது தீராது. முன்னே வந்தவரிடம் வாங்கியதைப் பின்னே வருபவருக்குச் சேர்க்க வேண்டும். இப்படிப் பார்த்தால், கல்வி உதவியைக் கடனாகக் கொடுத்துப் பட்டம் பெற்ற பின் வட்டியோடு வசூலிக்கும் முறை, கடனை அறிந்தும் கடன்காரனை மாற்றிக்கொண்ட முறையாகிறது. மேற்சொன்ன உடன்படிக்கை, உயர்கல்வி உதவியில் கடனும் கலக்கலாம் என்றாலும், மூன்றில் இரண்டு பங்காவது திருப்பித் தர வேண்டாத தொகையாக இருக்க வேண்டும் என்கிறது. தர்மத்துக்கு அணுக்கமான ஏற்பாடு இது. ஜூரிச்சில் படித்த நாட்களில், தாய்வழி உறவினர் மாதந்தோறும் அனுப்பிய 100 ஃபிராங்கில் ஐன்ஸ்டீன் வாழ்ந்தார். அதிலும் 20 ஃபிராங்கை ஸ்விஸ் குடியுரிமைக்காக ஒதுக்கி வைத்தார். அந்த 100 ஃபிராங்கை அவர் எந்த ரொக்கத்தால் திருப்பித் தந்திருக்க முடியும்?

பெர்ன் நகரத்துச் சமயங்களின் இல்லத்தில் சைவநெறிக்கூடத்தின் கோயில் இருக்கிறது. வேறு நகரங்களிலும் முருகனுக்கும் அம்மனுக்கும் விநாயகருக்கும் தமிழர் கோயில்கள் எழுந்திருக்கின்றன. திருவிழாவுக்குப் பொருள் தர அங்குள்ள தமிழர் தயங்குவதில்லை. அந்தக் கோயில்களின் பரிபாலகருக்கு ஒரு விண்ணப்பம். உபயங்களில் ஒரு பங்கை வித்தியா நிதியாக ஒதுக்கி, கன்டோன் எந்த மாணவருக்கு இல்லையென்கிறதோ அவருக்கே, எந்த ஊர், எந்தச் சாதி, எந்த அனுமதி என்று கேளாமல், முதலிரண்டு வருஷம் கொடுங்கள். ஏற்கெனவே பட்டம் பெற்று வங்கியிலும் வைத்தியசாலையிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர் நால்வர், வெள்ளிக்கிழமைப் பூஜை முடிந்த பின் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, ஜெர்மன் தெரியாத பெற்றோருக்கு ஸ்டிபெண்டிய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். அந்த நால்வர் ரிஷிகளுக்குத் தீர்க்க வேண்டிய கடனில் முதல் தவணை அந்த மேசையிலேயே செலுத்தப்படும்.