காணாத வலியும் நம் கடமையும்

பக்கவாதம் கண்டவர் ஓரளவு நடக்கத் தொடங்கிவிட்டால் நோய் தீர்ந்தது என்று நாம் மகிழ்கிறோம். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அவர், "கை தீயாய் எரிகிறது, போர்வை பட்டாலும் பொறுக்க முடியவில்லை" என்கிறார். கையைப் பார்க்கிறோம். புண் இல்லை, வீக்கமும் இல்லை. "எல்லாம் மனப்பிரமை" என்கிறார் ஒருவர். "முன்வினை, அனுபவித்தே தீர்க்க வேண்டும்" என்கிறார் மற்றொருவர். இவ்விரு சொற்களும் அறத்திற்கு உகந்தனவா என்று சிந்திப்போம்.

முதற்சொல் உண்மைக்கு மாறானது. 1906ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு மருத்துவர்களான டெஜெரின், ரூஸி ஆகிய இருவரும் இவ்வகை வலியை விளக்கி எழுதினர். உடலின் உணர்ச்சிச் செய்திகளை வாங்கி அனுப்பும் தாலமஸ் என்னும் மூளைப் பகுதியோ, அதனோடு தொடர்புடைய நரம்புப் பாதையோ பழுதுபட்டால், மெல்லிய தீண்டலும் குளிரும்கூட வலியாகலாம். எரிவது கையில், பழுது மூளையில். ஆதலால் சாதாரண வலி மாத்திரைகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை. மனச்சோர்வுக்கென வந்த அமிட்ரிப்டிலின், வலிப்புக்கென வந்த லாமோட்ரிஜின் போன்றவை சிலருக்குத் துணைபுரிகின்றன. 1989இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், அமிட்ரிப்டிலின் உட்கொண்ட 15 பேரில் 10 பேருக்கு வலி தணிந்தது. வலி முற்றும் நீங்குவது அரிது. தூக்கக் கலக்கம், நாவறட்சி முதலியன நேரலாம். எனவே மருத்துவர் அளவறிந்து தருவதே முறை.

இரண்டாம் சொல்லுக்கு வருவோம். வேதனை, அசாதா வேதனீய வினையின் பயன் என்பதை நாம் மறுக்கவில்லை. நோய் உள்ளிட்ட 22 பரீஷகங்களைத் துறவோர் வெல்வதையும் போற்றுகிறோம். ஆனால் அப்பொறுமை அவர்கள் தாமே விரும்பி ஏற்றது. பிறர்மேல் நாம் சுமத்தும் பொறுமை, நம் அலட்சியத்திற்கு நாமே இட்ட நற்பெயர். வலி அவருடைய வினைப்பயன் ஆயின், அதைக் கேட்டும் வாளாவிருப்பது நம்முடைய புதுவினை ஆகாதோ? வினைநெறியை உரைத்த பெரியோரே, மருந்தினை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகவும் வைத்தனர்.

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க்கும் துன்பம் உண்டென்று நம்பி, நீரை வடிகட்டிப் பருகுகிறோம். நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வாய்விட்டுச் சொல்பவரின் வலியை நம்ப மறுக்கலாமா? அவரைத் தொடுமுன் கேட்போம். உடலுக்கு ஒத்த மெல்லாடையும், ஏற்ற வெப்பமுள்ள நீரும் தருவோம். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மருந்து முழுதும் பலிக்காத நாளிலும், "உங்கள் வலி உண்மை" என்று சொல்ல நம்மால் இயலும். அகிம்சை அங்கிருந்தும் தொடங்கட்டும்.