எனக்கு ஒன்றும் இல்லை



மலைமேல் போகிறவன் முதலில் ஏறுகிறான், களைத்தபின் இறங்குகிறான். பள்ளத்தாக்கிற்குள் போகிறவனுக்கோ எல்லாம் தலைகீழ். உடம்பில் பெலன் உள்ளபோது இறக்கம். பெலன் ஒடுங்கியபின் ஏற்றம். இதை மறந்தவர்கள் பலர் வெகு துன்பப்பட்டிருக்கிறார்கள்.

அமெரிக்க நாட்டில் அரிசோனா மாநிலத்திலே, கொலராடோ ஆறு அறுத்து உண்டாக்கிய கிராண்ட் கான்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் நீளம் 446 கிலோமீட்டர். ஆழமோ பல இடங்களில் 1,600 மீட்டர். இந்தப் பாலைநிலத்தை ஓடியே சுற்றி வர ஆசைப்பட்டு, நண்பர்கள் இருவர் இருவராகப் புறப்படுவதுண்டு. தெற்குக் கைபாப் என்னும் பாதையில் 11 கிலோமீட்டர் இறங்கி ஆற்றங்கரையை அடைவார்கள். அந்தப் பாதையில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பிறகு பிரைட் ஏஞ்சல் என்னும் வேறொரு பாதையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஏறி மேலே வருவார்கள். அந்த ஏற்றத்தின் உயரம் மட்டும் 1,300 மீட்டருக்கு மேல். கோடைக்காலத்தில் பள்ளத்தின் அடியிலே நிழலில்கூட 40 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும். ஆற்றுவரை போய் ஒரே நாளில் திரும்ப முயல வேண்டாமென்று பூங்கா அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள்.

இத்தகைய ஓட்டத்திற்குச் சிநேகிதன் எதற்கு? வழிப்பேச்சுக்கா? அல்ல. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

வெயிலில் சரீரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் புத்தி தடுமாறுகிறது. வியர்வையோடு உப்பும் வெளியேற, வெறுந்தண்ணீரை மட்டும் ஓயாமல் குடித்தாலும் இரத்தத்தில் உப்புக் குறைந்து அதே தடுமாற்றம் வரும். நாக்குக் குழறும், கால் இடறும், காரணமின்றிக் கோபம் வரும். ஆனால் இவையெல்லாம் யாருக்கு நேரிடுகின்றனவோ, அவனுக்கு மட்டும் தெரிவதில்லை. “எனக்கு ஒன்றும் இல்லை, போகலாம் வா” என்பான். தன் நிலையை அறிய வேண்டிய புத்தியே அல்லவா பழுதுபட்டிருக்கிறது? அதைக் காணக்கூடியவன் பக்கத்தில் வருகிற சிநேகிதன் ஒருவனே.

2004-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் இருவர் இப்பள்ளத்தாக்கின் நெடும்பாதை ஒன்றில் ஓடப் புறப்பட்டனர். அவர்களில் ஒருவர் பெரிய மராத்தான் பந்தயத்தை ஓடி முடித்த இளம்பெண். கொண்டுபோன தண்ணீர் போதவில்லை. தோழர் களைத்து நின்றுவிட, அப்பெண் தனியே முன்சென்றார். நின்றவர் பிழைத்தார்; தனியே சென்றவர் தாகத்தால் மாண்டார். யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. இருவரில் பலசாலியானவருக்கும் துணை வேண்டியிருந்தது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

நம் வீடுகளிலும் “எனக்கு ஒன்றும் இல்லை” என்ற இதே சொல் கேட்கவில்லையா? குடிக்குப் பழகிய தகப்பன் அப்படித்தான் சொல்கிறான். கடன்மேல் கடன் வாங்குகிறவனும் அப்படியே. அண்ணன் தம்பியோடு ஆண்டுக்கணக்காய்ப் பேசாதிருக்கிறவன், “என் மனதில் ஒன்றுமில்லை” என்கிறான். இவர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பாவம் முதலில் கெடுப்பது, பாவத்தைக் காணும் கண்ணையே. அதை மனைவி காண்கிறாள், பிள்ளைகள் காண்கிறார்கள், உயிர்த்தோழன் காண்கிறான். கண்டும், சண்டை வருமே என்றெண்ணி வாய்மூடி இருக்கிறார்கள்.

நமதாண்டவர் தம் சீடர்களைத் தனித்தனியாக அனுப்பவில்லை; இருவர் இருவராக அனுப்பினார். சகோதரன் தவறினால், ஊரறியச் சொல்லாமல், முதலில் தனியே சந்தித்துச் சொல்லும்படி படிப்பித்தார். ஆகவே காண்கிறவனுக்கு ஒரு கடமை, அன்போடு சொல்வது. கேட்கிறவனுக்கும் ஒரு கடமை, கோபியாமல் கேட்பது. இரண்டிலும் பின்னதே கடினம்.

இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். குடும்ப செபமாலை முடிந்தபின், உங்களை உண்மையாய் நேசிக்கும் ஒருவரிடம், “என்னிடத்தில் நீ காணும் குறை என்ன?” என்று கேளுங்கள். பதில் வந்ததும் நியாயம் பேசாதீர்கள். அன்றிரவு அதை ஆண்டவர் சமுகத்தில் வைத்து ஆத்தும சோதனை செய்யுங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டி சனிக்கிழமை உங்களுக்காகக் காத்திருக்கும்.

பிரைட் ஏஞ்சல் என்றால் ஒளிபொருந்திய சம்மனசு என்று பொருள். 1869-ல் அவ்வழியே ஆற்றில் படகேறிச் சென்ற பவல் என்பவர், அங்கே பாயும் தெளிந்த ஓடை ஒன்றுக்கு இட்ட பெயர் இது. களைத்தவர்கள் மேலேறி வரும் பாதையும் இப்பெயரையே தாங்கி நிற்கிறது. நம் ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குத் தெரியாத காவல் சம்மனசு ஒருவர் உண்டு. கண்ணுக்குத் தெரியும்படி, கையைப் பிடித்து “நில், உன் கால் இடறுகிறது” என்று சொல்ல, மனைவியையும் மக்களையும் நல்ல சிநேகிதனையும் சர்வேசுரன் தந்திருக்கிறார். அவர்கள் சொல்லும்போது நின்று கேட்போமாக.

உங்கள் பங்குக் குரு