திறப்பை ஏன் எடுத்துச் சென்றாள்?

நமது பாடசாலைகளில் அதனைக் ‘கிரகித்தல்’ என்கிறோம். ஒரு பந்தி, அதன் கீழே ஐந்தாறு வினாக்கள். புள்ளி எடுப்பதற்கு இலகுவான பகுதி என்று மாணவர் கருதுவர். தமிழ் கற்பிக்கும் எனக்கோ, அறம் சார்ந்த கடினமான கேள்வியொன்று அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. பிறருடைய சொல்லுக்கு நாம் எவ்வளவு தூரம் கடமைப்பட்டவர்கள்?

நெளுக்குளத்தில் தரம் பத்து மாணவருக்கு நானே ஒரு சிறு பந்தி எழுதிக் கொடுத்தேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் ஊரிழந்தனர். அவ்வாறு வெளியேறிய ஒரு தாயைப் பற்றியது அப்பந்தி. அவள் வீட்டைப் பூட்டுகிறாள். எந்நாளும் போலவே திறப்பை முந்தானையில் முடிகிறாள். புத்தளத்து ஓலைக்கொட்டிலில் இரவு நேரங்களில் அதனை அவிழ்த்துப் பார்க்கிறாள். அவ்வளவுதான். “அவள் திறப்பை ஏன் எடுத்துச் சென்றாள்?” என்பது வினா.

பெரும்பாலானோர் ‘திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையால்’ என எழுதினர். ஒரு மாணவி, ‘பழக்கத்தால். எவ்வளவு தூரம் போகிறோம் என்பது அவளுக்கு அப்போது விளங்கவில்லை’ என்றாள். ஒரு மாணவன் எழுதியது இது: ‘எங்கள் அம்மம்மா 2008இல் கிளிநொச்சியை விட்டு வரும்போது பூட்டுவதற்குக் கதவே இருக்கவில்லை.’

முதலாவது விடை மட்டுமே சரி என்றார் உடனாசிரியர் ஒருவர். மற்றவற்றுக்கு இடங்கொடுத்தால் புள்ளியிடவே முடியாதாம். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. கட்டுக்கட்டாகத் தாள் திருத்துவோருக்கு ஒரு பொது அளவு வேண்டும். ஆனால் அந்த அளவு பந்தியிலிருந்து வரவேண்டுமேயன்றி, திருத்துபவரின் எதிர்பார்ப்பிலிருந்து அல்ல. மாணவியின் விடைக்கு ‘எந்நாளும் போலவே’ என்ற தொடர் சாட்சி. நம்பிக்கை என்றவர்களுக்கு இரவில் அவிழ்த்துப் பார்ப்பது சாட்சி. இரண்டும் விடைகளே.

சாட்சியில்லாத வினாவும் உண்டு. 2012இல் நியூயோர்க் மாநிலத்தின் எட்டாந்தரப் பரீட்சையில் அன்னாசியொன்று முயலை ஓட்டப்பந்தயத்துக்கு அழைக்கும் கதை வந்தது. அன்னாசி அசையவேயில்லை. முயல் வென்றது. விலங்குகள் அன்னாசியைத் தின்றுவிட்டன. எந்த விலங்கு மிகுந்த அறிவுள்ளது என்று கேட்டிருந்தார்கள். மூலக்கதையை எழுதிய டானியல் பிங்க்வாட்டரே அதனை அர்த்தமற்ற வேடிக்கை என்றார். அவ்வினாக்களைப் புள்ளிக் கணக்கிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று.

ஒரு சொல்லுக்கு இரு விளக்கம் அமைவது நமக்குப் புதிதல்ல. பனூ குறைழாவைச் சென்றடைந்தே அஸர் தொழவேண்டுமென நபி (ஸல்) அவர்கள் பணித்த நிகழ்ச்சி புஹாரியில் உண்டு. வழியிலேயே தொழுகை நேரம் வந்தது. சிலர் சொன்னபடியே தாமதித்தனர். விரைந்து செல்வதே சொல்லின் நோக்கம் எனக்கொண்ட சிலர் வழியிலேயே தொழுதனர். இரு சாராரையும் நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. இரு சாராரும் அந்த ஒரே கட்டளைக்குத்தான் செவிசாய்த்திருந்தனர்.

அப்படியானால் அந்த மாணவனின் விடை? பந்தியில் அதற்குச் சாட்சியில்லை. புள்ளி கொடுக்காதிருப்பது இரக்கமின்மையா? 2009 வரை இம்மண் பட்ட துயரை அறிந்த எவருக்கும் அதனைச் சிவப்புப் பேனையால் வெட்ட மனம் வராது. ஆயினும் அம்மம்மாவின் கதவு பேசத் தொடங்கும் கணத்தில், பந்தியிலுள்ள தாய் பேச்சை நிறுத்திவிடுகிறாள்.

இது அவனுடைய குறை மாத்திரமல்ல. நமது கூட்டங்களிலும் நடப்பது இதுவே. நாம் 1990 என்றால் அவர்கள் 2009 என்கிறார்கள். அவர்கள் 2009 என்றால் நாம் 1990 என்கிறோம். இரு தரப்பும் உண்மையே பேசுகிறது. கேட்ட வினாவுக்கு மட்டும் எவரும் விடை சொல்வதில்லை. பிறர் துயரைக் கேட்டு முடிக்குமுன் நமது துயரை எடுத்து வைப்பது, அது எவ்வளவு உண்மையானாலும், ஓர் அநீதியே.

ஆகவே அவ்விடைக்கு நான் புள்ளியிடவில்லை. அதனைத் தனிக் கட்டுரையாக எழுதச் சொன்னேன். எழுதி வந்தான். வகுப்பில் வாசித்தோம். அதற்கும் ஐந்து வினாக்கள் அமைத்து எல்லோரும் விடையெழுதினோம். அம்மம்மாவைப் பற்றி மட்டுமே எழுதவேண்டும் என்பது நிபந்தனை. 1990ஐப் பற்றிச் சொல்ல எனக்கும் அதில் இடமிருக்கவில்லை.