தலைவரின் நாணயமும் தொழிலாளியின் பத்து வெள்ளியும்

"காரியத்தில் கெட்டிக்காரராயிருந்தால் போதும், தலைவர் குணத்தில் எப்படியிருந்தால் நமக்கென்ன?" என்று கேட்கும் அன்பர்கள் பட்டணத்திலும் உளர், தோட்டத்திலும் உளர். கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும். ஆயினும், நம்மவர் கையிலிருந்த பத்து வெள்ளியின் கதையைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் நாம் நாள்தோறும் நடக்கும் பெருஞ்சாலை துன் சம்பந்தனின் பெயரைத் தாங்கியது. அவர் 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தலைவர், மந்திரியாகவும் இருந்தவர். 1957இல் மலாயா சுதந்திரம் பெற்ற காலத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கலாயின. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கிப் பிறருக்கு விற்றனர். துண்டு வாங்கியவனுக்கு லயமும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம். பால்வெட்ட நாலு பேர் மலிவாகக் கிடைத்தாற் போதும். வேலை போனவனுக்கு வீடும் உடன் போயிற்று.

அவ்வேளையில் ஒரு மந்திரி விருந்துகளில் மாலை பெற்றுக்கொண்டு வாளாவிருந்திருக்கலாம், கேட்பாரில்லை. சம்பந்தனோ தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளியிடமே பணம் கேட்டார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது; பின்னர் வேறு பலவும்.

கங்காணியிடமும் கடைக்காரனிடமும் ஏமாந்தே பழகிய தொழிலாளி ஏன் கொடுத்தான்? அவனுக்குக் கணக்குப் புத்தகம் படிக்கத் தெரியாது. ஆளைப் படித்தான். செல்வக் குடியிற் பிறந்தும் பொதுவாழ்வால் செல்வம் பெருக்காதவர் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

சம்பந்தனிடம் குறையில்லையா? உண்டு. அரசாங்கத்திடம் அழுத்திக் கேளாதவர் என்று கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. அதில் உண்மை இல்லாமலுமில்லை. நாணயம் திறமைக்கு ஈடாகாது.

நிற்க. சாமிவேலு ம.இ.கா.வின் தலைவராயிருந்தபொழுது, 1982இல், மைக்கா நிறுவனம் தோன்றிற்று. நோக்கம் நல்லதே. ஏறத்தாழ 66,000 பேர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் கொட்டினர். நகையை அடகு வைத்தோரும் உண்டு. 1990இல் டெலிகாம் பங்குகளில் ஒரு கோடி மைக்காவுக்கென்று ஒதுக்கப்பட்டது. வந்து சேர்ந்ததோ பத்து லட்சம். எஞ்சிய தொண்ணூறு லட்சமும் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போயின. சட்டப்படி எவர்மேலும் குற்றம் நிலைநாட்டப்படவில்லை, அதையும் சொல்லியாகவேண்டும். ஆனால் பங்குதாரன் கேட்டது சட்டத்தையன்று. 'என் பங்கு ஏன் வேறிடம் போயிற்று? அதை எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை?' என்பதே அவன் கேள்வி. 2010இல் ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்தபொழுது, அதுவும் பெரிதென்று கையொப்பமிட்டவர் எத்தனையோ பேர்.

நாட்டுக் கஜானாவின் கதையும் வேறன்று. அரசாங்க ஊழியரின் ஓய்வூதிய நிதியிலிருந்து 400 கோடி வெள்ளி கடன்பெற்ற எஸ்.ஆர்.சி. நிறுவனத்தின் வழக்கில், முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2020இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பெற்று, 2022இல் சிறை புகுந்தார்.

இவற்றில் பறிபோனது பணம் மாத்திரமா? தோட்டம் போய், கிள்ளானில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த முதியவரிடம் இன்று ஒரு புதிய சங்கத்தின் பாரத்தை நீட்டிப் பாருங்கள். நீட்டுபவர் உத்தமராகவே இருக்கட்டும். முதியவர் லாபம் எவ்வளவென்று கேட்கமாட்டார். மூக்குக்கண்ணாடியைத் தேடவும் மாட்டார். "இதுவும் அதுபோலத்தானே, தம்பி?" என்பார்.